எரிமலைக்கு வாசல் போதவில்லை

ஏலக்காரர் எல்லாவற்றுக்கும் எண் ஒட்டினார்.
பிளாஸ்டிக் கிளிகள் பதினொன்று: எண் நான்கு.
(ஒன்றுக்குத் தலை கிடையாது. அதை அவர் சொல்லவில்லை.)
காகிதக் கள்ளிச்செடி, எண் ஒன்பது.
ஆண்கள் கழிப்பறையின் மீசை வைத்த மிளகாயும்
பெண்கள் கழிப்பறையின் இமை நீண்ட மிளகாயும்
பிரிக்காமல் ஒரே எண்ணில் போயின.

வெளியே அயோவாவின் பிப்ரவரி
கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தது.
உள்ளே இருபத்தாறு வருடமாக
எப்போதும் அந்தி ஆறரை, மெக்சிகோவில்.

முதலாளி ஸ்டாவ்ரோஸ் மெக்சிகோவைப் பார்த்ததில்லை.
டயர் கடைக் காலண்டரில் ஒரு மாதம் பார்த்தார்,
போதும் என்று நினைத்தார்.
எரிமலை கட்டியவர் ஹெங்க், டச்சுக்காரத் தச்சர்,
அதற்கு முன் தேவாலயங்கள் மட்டுமே கட்டியவர்.
மலைக்குக் கொஞ்சம் கோபுரச் சாயல் அதனால்தான்.
அரை மணிக்கொரு தரம் இருமும்.
சிவப்பு விளக்கு, புகை,
எங்காவது ஒரு குழந்தை அலறும்,
எங்காவது ஒரு தம்ளர் கவிழும்.

அடுப்படியில் யூலாலியோ. அவர் மட்டும் நிஜம்,
புவெப்லாக்காரர்.
மஞ்சள் சீஸைத் தூவும்போது
அடுத்த வீட்டு வாசலைப் பெருக்குகிறவர் முகம் அவருக்கு.
"இது என்ன ஊர்ச் சாப்பாடு?" என்று ஒருமுறை கேட்டேன்.
"அயோவா," என்றார்.
"நன்றாகத்தானே செய்கிறேன்?"

என் வேலை தொப்பி.
இன்று பிறந்தநாள் என்று காதில் சொன்னால் போதும்,
வண்டிச்சக்கர அகலத் தொப்பியைக் கொண்டுவந்து
தலையில் கவிழ்ப்பேன், நாலு பேர் கைதட்டுவோம்.
துணை ஷெரிஃப் மர்லின் ஹூக்ஸ்ட்ரா,
அவர் இரண்டு தடவை கைதுசெய்த ட்ராவிஸ்,
ட்ராவிஸோடு பேசாத அவன் மாமியார்,
மூவர் வியர்வையும் ஒரே விளிம்பில்.
ஊரெல்லாம் பேன் பரவிய வருடம் ஒன்று உண்டு.
பள்ளிக்கூடத்தைத் திட்டினார்கள்.
நான் வாய் திறக்கவில்லை.
என் பிறந்தநாளையும் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.
தொப்பியின் உள்பக்கம் எனக்குத் தெரியும்.

கடைசி இரவு வாசல்வரை வரிசை.
நெடுஞ்சாலையோரப் புதுக்கடைக்கு மாறிப்போனவர்கள்
கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.
"இதில் பாதிப்பேர் மாதம் ஒரு நாள்..." என்று
ஸ்டாவ்ரோஸ் தொடங்கினார்,
பிறகு பில் போடப் போய்விட்டார்.

எரிமலையை நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒருவர்
நாற்பது டாலருக்கு எடுத்தார்,
குழிப்பந்து மைதானம் வைத்திருக்கிறாராம்.
வாசல் போதவில்லை.
பின்வாசலும் போதவில்லை.
ஹெங்க் முதலில் மலையைக் கட்டிவிட்டு
அப்புறம்தான் சுவர் எழுப்பியிருக்கிறார்.
கேட்கலாம் என்றால் ஹெங்க் இல்லை.

ரம்பம் வந்தது.
முதல் துண்டு விழுந்ததும் சில்லறை கொட்டியது,
நிற்காமல் கொட்டியது.
உண்டியல் என்று எங்களுக்கே தெரியாது.
நாணயங்களோடு ஒரு பால்பல், காதுக்கருவி,
இரண்டு முள்கரண்டி,
நனைந்து காய்ந்து எதுவும் படிக்கமுடியாத
ஒரு காகிதத் துடைப்பான், எட்டாக மடித்தது.
யூலாலியோ தரையில் உட்கார்ந்து எண்ணினார்.
நாற்பத்தொரு டாலர், கொஞ்சம் சென்ட்.
நெப்ராஸ்காக்காரர் தன் மலையைப் பார்த்தார்,
தன் பர்ஸைப் பார்த்தார்,
"அது என்னுடையதுதானே?" என்றார், தயங்கி.
கொடுத்தோம்.
பல்லை மட்டும் அவர் வாங்கவில்லை.

தொப்பிக்கு எண் ஒட்ட மறந்துவிட்டார்கள்.
அது மாட்டியிருந்த இடத்தில் சுவர்
ஒரு வட்டத்துக்கு மட்டும்
முதல் நாள் மஞ்சளில் இருந்தது.

காரில் அது எந்த இருக்கையிலும் அடங்கவில்லை.
தலையில்தான் வைக்க முடிந்தது.
கூரை தட்டி, கண்வரை இறங்கிவிட்டது.
எஞ்சின் சூடாகிற வரைக்கும்
அந்த இருட்டுக்குள் உட்கார்ந்து
ஒவ்வொரு வாசனையாகப் பிரிக்கப் பார்த்தேன்.
இது மர்லின்.
இல்லை, ட்ராவிஸ்.